பழைய மோட்டார்ஹோம் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஈரத்தைத் தேடுங்கள்

நான் முதன்முதலாக வாங்கிய மோட்டார்ஹோமுக்கு, அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு சாலையில் ஓடும் வீட்டு வண்டிக்கு, அப்போது வயது 11. ஓடியிருந்தது 42,000 கிலோமீட்டர்தான். திரைச்சீலை முதல் அடுப்பு வரை எல்லாம் பளிச்சென்று இருந்தன. தயாரித்த நிறுவனமும் பெயர் பெற்றது. வாங்கிய மூன்றாம் மாதம், இரண்டு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு படுக்கைக்கு மேலிருந்த அலமாரியைத் திறந்தால், உள்ளே மடித்து வைத்திருந்த துணியெல்லாம் ஈரம். சந்தேகத்தில் ஜன்னலின் கீழ் மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். சுவரின் மேற்பூச்சு கிழியவில்லை; ஆனால் விரல் அரை அங்குலம் உள்ளே அமிழ்ந்தது. பட்டறையில் பின்சுவரைப் பிரித்தபோது மரச்சட்டம் கைப்பிடித் தூளாக உதிர்ந்தது. ஏழு வாரம் வண்டி பட்டறையில் கிடந்தது. செலவு வாங்கிய விலையில் ஏறக்குறைய கால் பங்கு.

இரண்டாவது வண்டியை வாங்குவதற்குள் ஒன்பது வண்டிகளைப் போய்ப் பார்த்தேன். அவற்றில் ஆறை அரை மணி நேரத்திலேயே விட்டுவிட்டு வர முடிந்ததற்குக் காரணம், எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற வரிசை கைக்கு வந்திருந்ததுதான். அந்த வரிசையையே கீழே தருகிறேன். செலவில்லாத சோதனைகள் முன்னேயும், பணம் கொடுத்துச் செய்விக்க வேண்டியவை பின்னேயும் வரும்.

1. ஒரே வண்டி என்று நினைக்காதீர்கள்

“எந்த பிராண்ட் நம்பகமானது?” என்பதுதான் புதிதாக வாங்குகிறவர் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. நானும் அதைத்தான் கேட்டேன். ஆனால் ஒரு மோட்டார்ஹோமில் மூன்று தரப்பினரின் வேலை கலந்திருக்கிறது. எஞ்சினும் சேசிஸும் (சக்கரங்கள் பூட்டிய அடிச்சட்டம்) வேன் அல்லது டிரக் தயாரிப்பாளருடையவை. ஐரோப்பிய வண்டிகளில் ஃபியட் டுகாட்டோவும், அமெரிக்க வண்டிகளில் ஃபோர்டு சேசிஸ்களும் மிகுதி. ஃபிரிட்ஜ், ஹீட்டர், கழிப்பறை, ஏசி ஆகியவை டொமெட்டிக், தெட்ஃபோர்டு, ட்ருமா போன்ற உதிரி நிறுவனங்களிடமிருந்து வருகின்றன. விலை உயர்ந்த பிராண்டிலும் மலிவான பிராண்டிலும் பெரும்பாலும் இதே பெயர்களைத்தான் பார்ப்பீர்கள். பெயர்ப்பலகை மாட்டிய நிறுவனத்தின் சொந்த வேலை என்பது மூன்றாவது பங்குதான்: கூரை, சுவர், தரை, அவை சேரும் மூட்டுகள், மரச்சாமான், வயரிங்.

ஆகவே கட்டுமானத் தரம் என்று நாம் மதிப்பிட வேண்டியது முதன்மையாக மூட்டுகளைத்தான். சுவர் எப்படிக் கட்டப்பட்டது என்று விற்பவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் அந்த மாடலின் பழைய விளம்பரக் கையேட்டில் இருக்கும். மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்த பழைய முறையில், தகட்டுக்குள் நுழைந்த தண்ணீர் வெளியே தெரியாமல் பல ஆண்டு மரத்தை அரிக்கும். ஃபைபர்கிளாஸ், ஃபோம், பிளைவுட் ஆகியவற்றை ஒட்டிச் செய்த சாண்ட்விச் சுவரில் ஈரம் பசையை விடுவித்துவிடும். சுவர் கொப்புளம் போல எழும்பும். இரு பக்கமும் ஃபைபர்கிளாஸ், நடுவே நீர் உறிஞ்சாத ஃபோம் என்ற மரமில்லாச் சுவர்கள் இவற்றைவிட நன்றாகத் தாங்கும். ஒரே வார்ப்பாகச் செய்த ஃபைபர்கிளாஸ் கூட்டில் மூட்டுகளே குறைவு. இரும்பு வேனை அப்படியே வீடாக்கிய வண்டிகளில் கூரை ஒழுகும் வாய்ப்பு குறைவு என்றாலும், ஜன்னலுக்காக வெட்டிய இடங்களில் துரு பிடிக்கலாம். “மரமே இல்லாத கட்டுமானம்” என்று யாராவது சொன்னால், தரையிலும் மரம் இல்லையா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். சுவருக்குச் சொன்னது தரைக்குப் பொருந்தாமல் போவது உண்டு.

2. கிளம்புவதற்கு முன் ஆவணங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்

தொலைவில் உள்ள வண்டியைப் பார்க்க ஒரு நாள் முழுதும் செலவழித்த பிறகு, சர்வீஸ் புத்தகம் காணாமல் போய்விட்டது என்று கேட்பது எரிச்சல் தரும். முன்கூட்டியே கேட்க வேண்டியவை இவை:

- பதிவுச் சான்று, அதில் உள்ள சேசிஸ் எண், இதுவரை எத்தனை உரிமையாளர்கள் என்ற விவரம்.
- சர்வீஸ் புத்தகங்கள் இரண்டு: எஞ்சினுக்கு ஒன்று, வீட்டுப் பகுதிக்கு ஒன்று.
- நீர்க்கசிவு ஆய்வு அறிக்கைகள், அளவுகள் குறித்த வரைபடத்தோடு.
- கேஸ் இணைப்புச் சோதனைச் சான்று.
- டயர், பேட்டரி, டைமிங் பெல்ட் (எஞ்சினின் உள் அசைவுகளை ஒத்திசைக்கும் பட்டை) மாற்றிய பில்கள்.
- கடன் பாக்கி இல்லை என்பதற்கான நிதி நிறுவனக் கடிதம்.

இரண்டாவது சர்வீஸ் புத்தகத்தைத்தான் பலர் கேட்க மறக்கிறார்கள். சுவரும் கூரையும் ஒழுகாது என்று தயாரிப்பாளர் தரும் நீண்டகால உத்தரவாதம், ஆண்டுதோறும் குறித்த காலத்துக்குள் ஆய்வு செய்து முத்திரை பெற்றால்தான் செல்லும் என்பது வழக்கமான நிபந்தனை. நடுவில் ஓராண்டு முத்திரை இல்லையென்றால் உத்தரவாதம் போய்விட்டதாகவே கொள்ளுங்கள். முத்திரைகள் சரியாக இருந்தாலும், அது அடுத்த உரிமையாளருக்கு மாறுமா, மாற்ற எத்தனை நாளுக்குள் எழுதித் தர வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரிடமே கேட்டுவிடுங்கள்.

ஆண்டுக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. சேசிஸ் முதலில் தயாராகி, வீடு கட்டும் ஆலையின் முற்றத்தில் மாதக்கணக்கில் நின்று, வீடு கட்டப்பட்டு, பிறகு விற்பனையாளரிடமும் நின்ற பின்னரே பதிவாகிறது. பதிவுச் சான்று சொல்லும் ஆண்டைவிட சேசிஸ் ஓர் ஆண்டோ அதற்கு மேலோ மூத்ததாக இருக்கலாம். எஞ்சின் உதிரிகளை வாங்கும்போதும், பெல்ட்டின் வயதைக் கணக்கிடும்போதும் சேசிஸின் ஆண்டுதான் பேசும்; விலை பேசும்போதும் அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட வண்டியா என்பதை சேசிஸ் எண்ணை வைத்துப் பார்க்கலாம். ஆனால் சேசிஸ் தயாரிப்பாளர், வீடு கட்டியவர், ஃபிரிட்ஜ் அல்லது ஹீட்டர் தயாரிப்பாளர் என்று மூவரும் தனித்தனியே அழைப்பு விடுவார்கள். ஒன்றில் இல்லை என்பதால் மற்றதிலும் இல்லை என்றாகாது.

வீடு கட்டிய நிறுவனம் இன்றும் இயங்குகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மூடப்பட்ட நிறுவனத்தின் வண்டிக்கு ஃபிரிட்ஜ் உதிரி கிடைக்கும், எஞ்சின் உதிரி கிடைக்கும். பின்பம்பரின் வார்ப்பும் அந்த அளவு ஜன்னலும் கிடைக்காது. அக்ரிலிக் ஜன்னல் ஒன்று உடைந்தால் அதே அளவில் தேடி மாதக்கணக்கில் அலைய நேரும்.

3. போகும் நாளையும் நேரத்தையும் நீங்களே முடிவு செய்யுங்கள்

நல்ல மழைக்கு மறுநாள்தான் சிறந்த நாள். வறண்ட கோடையின் நடுவில் ஒழுகும் வண்டியும் உலர்ந்தே இருக்கும். மழை பெய்துகொண்டிருக்கும்போது போனால் வெளிச்சுவரையும் கூரையையும் பார்க்க முடியாது. மாலை மங்கலில் எந்த வண்டியும் அழகாகத் தெரியும். காலை ஒன்பது மணிக்கு அங்கே இருப்பது போலக் கிளம்புங்கள்.

முன்தினமே விற்பவரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். எஞ்சினை நீங்கள் வரும்வரை இயக்க வேண்டாம். ஃபிரிட்ஜை முதல் நாள் மாலையே போட்டு வைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியைப் பாதியாவது நிரப்பி வைக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்து வைத்திருப்பவர் பெரும்பாலும் வண்டியையும் அப்படித்தான் வைத்திருப்பார். போய் இறங்கியதும் எஞ்சின் மூடியைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆக அது தயங்குவதை உங்களிடமிருந்து மறைக்க யாரோ விரும்பியிருக்கலாம்.

நான்கு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று விற்பவர் அவசரப்படுத்தினால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். டார்ச் லைட், ஏணி, வோல்ட் மீட்டர், முழங்கால் போட ஒரு பாய், ஊசி முனைகள் கொண்ட ஈரமானி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஈரமானி மரக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் சாதாரணக் கருவிதான், விலை அதிகமில்லை.

4. ஈரம்

மற்ற சோதனைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவிடும் நேரத்தை இதற்கு மட்டும் செலவிடுங்கள். எஞ்சினைப் பழுது பார்க்க ஊருக்குப் பத்து மெக்கானிக் கிடைப்பார்கள். அழுகிய சுவரைத் திருத்தத் தெரிந்தவர்கள் குறைவு, செய்தாலும் வாரக்கணக்கில் ஆகும், செலவு எவ்வளவு என்பது பிரித்த பிறகுதான் தெரியும்.

முதலில் கூரை. ஏணி போட்டு விளிம்பிலிருந்தே பாருங்கள். நடக்கத் தகுந்த கூரை என்று உறுதியாகத் தெரியாமல் மேலே ஏறாதீர்கள். கூரையின் நடுப்பகுதி ஒழுகுவது அரிது. காற்றுப்போக்கி, கண்ணாடித் திறப்பு, ஆன்டெனா, சோலார் பலகையின் கால்கள், சன்ஷேடு மாட்டிய திருகுகள், கூரையும் சுவரும் சேரும் அலுமினியப் பட்டை என்று துளையிட்ட ஒவ்வொரு இடமும்தான் சந்தேகத்துக்குரியது. அங்கே பூசிய சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) வெடித்திருக்கிறதா, விளிம்பு தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சீலன்ட் பழையதாக இருப்பது குற்றமில்லை, மறுபடி பூசிக்கொள்ளலாம். ஒரு மூலையில் மட்டும் புதிய சிலிக்கான், அதுவும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசப்பட்டிருந்தால், அந்த மூலைக்கு நேர் கீழே வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்பு அங்கே தண்ணீர் போயிருக்கக்கூடும்.

அடுத்து வெளிச்சுவர். சுவரோடு ஒட்டி நின்று, கன்னத்தைச் சுவரில் வைப்பது போலச் சாய்ந்து, அதன் நீளத்துக்கும் பார்வையை ஓட்டுங்கள். நேராகப் பார்க்கும்போது தெரியாத அலையும் கொப்புளமும் சாய்வு வெளிச்சத்தில் நிழலோடு தெரியும். அங்கே விரல் முட்டியால் தட்டினால் ஒட்டிய இடம் கெட்டியாகவும், விட்டுப்போன இடம் பொக்கையாகவும் ஒலிக்கும். உள்ளங்கை அளவுக்குக் கொப்புளம் இருந்தாலே நான் அந்த வண்டியை விட்டுவிடுவேன், ஏனென்றால் வெளியே தெரிவது உள்ளே பரவியிருப்பதன் ஓரம் மட்டுமே.

பிறகு உள்ளே. கதவைத் திறந்ததும் பேசாமல் நின்று மூச்சை இழுங்கள். பூசண வாடை வந்தால் வந்ததுதான்; வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் அதுவும் ஒரு செய்தி. எல்லா மேல் அலமாரிகளையும் காலி செய்யச் சொல்லி, உள்மூலைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்பு நிறக் கறை, துருவேறிய ஸ்டேப்பிள் முனை, சுருக்கம் விழுந்த சுவர்க் காகிதம் ஆகியவை பழைய ஒழுகலின் தடயங்கள். ஜன்னல்களின் கீழ் மூலைகள், ஓட்டுநர் அறைக்கு மேலே நீட்டியிருக்கும் படுக்கைப் பகுதி, பின்விளக்குகளுக்கு உட்புறம், சக்கர வளைவுக்கு மேற்புறம், குளியலறை மூலை, இழுத்து விரிக்கும் பக்க அறை இருந்தால் அதன் தரை மூலைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்.

ஈரமானியின் ஊசி முனை நுண்ணிய துளை விடும் என்பதால் அனுமதி கேட்டு, அலமாரிக்குள்ளும் மெத்தைக்குப் பின்னும் மறைவான இடங்களில் குத்துங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 15 முதல் 20 வரை இருந்தால் கண்காணிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தண்ணீர் வரும் வழியைத் தேட வேண்டும்; 30-ஐத் தாண்டினால் மரம் கெட்டிருக்கிறது என்றே கொள்ளலாம். ஆனால் எண்ணை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். சுவருக்குள் உலோகத் தகடோ அலுமினியத் தாளோ இருந்தால் கருவி இல்லாத ஈரத்தைக் காட்டும். ஆகவே வெளிச்சுவரோடு தொடர்பில்லாத ஓர் உள்தடுப்பில் முதலில் அளந்து, அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, இடப்பக்க மூலையையும் வலப்பக்க மூலையையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் 12, மறுபக்கம் 24 என்றால் விற்பவரிடம் அதிகம் பேச வேண்டியிருக்காது.

தரையை வெறுங்காலால் நடந்து பாருங்கள். கதவருகே தரை கிரீச்சிட்டு மெத்தென்று அமுங்கினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: ஆண்டுக்கணக்கில் மிதித்து பிளைவுட்டும் ஃபோமும் பசை விட்டிருக்கலாம், அல்லது அழுகியிருக்கலாம். முதலாவதைச் சிறு துளைகள் இட்டுப் பிசின் செலுத்திச் சரி செய்துவிடலாம். இரண்டாவது பெரிய வேலை. இரண்டையும் பிரித்தறிய ஈரமானியை அங்கேயும் வையுங்கள், பிறகு பாயைப் போட்டு வண்டிக்கு அடியில் படுத்து, அதே இடத்தை ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். அடித்தளத்தில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

5. மறைவிடங்களில் வேலைப்பாட்டைப் பாருங்கள்

மெருகு யார் கண்ணுக்கும் படும் இடத்தில் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது மடுவுக்கு அடியில், மின்பலகைக்குப் பின்னால், இருக்கைப் பெட்டிக்குள். வயர்கள் கிளிப் போட்டு வரிசையாகச் செல்கின்றனவா, தகட்டை ஊடுருவும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா, அலமாரி கூரையோடு திருகால் இறுகியிருக்கிறதா அல்லது ஸ்டேப்பிளில் தொங்குகிறதா என்பவற்றை வைத்து, ஆலையில் அந்த வண்டி எவ்வளவு அவசரத்தில் முடிக்கப்பட்டது என்று கணிக்கலாம். வெட்டிய பலகைத் துண்டுகளும் மரத்தூளும் இன்னும் உள்ளே கிடப்பதைக் கண்டிருக்கிறேன்.

முன்னாள் உரிமையாளர் தானே சேர்த்த சோலார், இன்வெர்ட்டர், கூடுதல் பேட்டரி ஆகியவற்றைத் தனியாகப் பாருங்கள். பேட்டரியிலிருந்து இவற்றுக்குக் கிளம்பும் ஒவ்வொரு நேர்மின் (+) கம்பியிலும், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். இல்லாத வண்டி தீப்பிடிக்கக் காத்திருக்கிறது.

உடலின் விறைப்பை அறிய எளிய சோதனை ஒன்று: ஒரு பின்சக்கரத்தை மட்டும் சமன் கட்டையின் மேல் ஏற்றி நிறுத்தி, குடியிருப்புக் கதவையும் எல்லா அலமாரிக் கதவுகளையும் திறந்து மூடுங்கள். சமதரையில் இலகுவாக மூடிய கதவு இப்போது இடித்தால், ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் உடல் முறுகுகிறது, மூட்டுகளிலுள்ள சீலன்ட்டும் அதோடு சேர்ந்து இழுபடுகிறது என்று பொருள்.

6. சாதனங்களை ஓட்டிப் பாருங்கள்

கேஸிலும் மின்சாரத்திலும் இயங்கும் அம்மோனியா வகை ஃபிரிட்ஜ் குளிர்வதற்குப் பல மணி நேரம் எடுக்கும். முதல் நாள் மாலை போட்டிருந்தால் காலையில் உள்ளே 8 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். மின்சாரத்தில் குளிர்ந்தது போதாது; கேஸிலும் பற்றுகிறதா என்று பாருங்கள். வெளிச்சுவரிலுள்ள காற்றுத் தட்டியைக் கழற்றினால் பின்குழாய்கள் தெரியும். அங்கே மஞ்சள் தூள் படிந்திருந்தாலோ அம்மோனியா நெடி அடித்தாலோ குளிர்விக்கும் பகுதி ஒழுகிவிட்டது. மாற்றுவது ஃபிரிட்ஜையே மாற்றுவதற்குச் சமீபமான செலவு.

தண்ணீர்க் குழாய்களுக்கு நான் செய்யும் சோதனை இது. பம்பைப் போட்டு, எல்லாக் குழாய்களிலும் தண்ணீர் வந்ததும் மூடிவிட்டு, பம்பு ஓய்ந்த பிறகு பதினைந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். இப்போது நான் வைத்திருக்கும் வண்டியில் அப்படி உட்கார்ந்திருந்தபோது நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை பம்பு தானாக ஒரு கணம் “டுர்” என்றது. “எல்லா வண்டியிலும் அப்படித்தான்” என்றார் விற்றவர். அப்படியில்லை; எங்கோ அழுத்தம் கசிகிறது. குளியலறைத் தட்டியைத் திறந்து பார்த்தால், ஏதோ ஒரு குளிர்காலத்தில் உள்ளே நின்ற நீர் உறைந்து, வெந்நீரும் குளிர்நீரும் கலந்து வரும் குழாயின் பிளாஸ்டிக் உடல் மயிரிழை அளவு வெடித்திருந்தது. உதிரியின் விலை அற்பம்தான். ஆனால் கவனிக்காமல் விட்டிருந்தால் தரைக்கடியில் சொட்டிக்கொண்டே இருந்திருக்கும். அதை வைத்து விலையையும் குறைத்துக்கொண்டேன்.

கேஸ் குழாய்களின் மேல் தயாரித்த ஆண்டு அச்சிட்டிருக்கும். கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி, கார்பன் மோனாக்சைடு கருவி இரண்டின் முதுகிலும் காலாவதித் தேதி இருக்கும். இவற்றின் ஆயுள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள்தான். காலாவதியானவை பொத்தானை அழுத்தினால் கத்தும், கேஸ் கசிந்தால் கத்தாமல் இருக்கலாம். அழுத்தச் சோதனையைத் தகுதி பெற்ற கேஸ் தொழில்நுட்பரிடம் விடுங்கள்.

பேட்டரிக்கு, வந்தவுடன் வெளி மின்சாரப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விளக்குகளையும் ஹீட்டர் விசிறியையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சற்று ஓய்ந்த பிறகு அளந்தால், முழுதாகச் சார்ஜான 12 வோல்ட் ஈய அமில பேட்டரி 12.7-க்குச் சற்றுக் கீழே நிற்கும். 12.2 என்றால் பாதி காலி. ஒரு மணி நேரத்திலேயே அங்கு வந்துவிட்டால் புது பேட்டரிக்கான பணத்தைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

7. எடையைக் காகிதத்தில் நம்பாதீர்கள்

பல நாடுகளில் சாதாரணக் கார் உரிமத்தோடு ஓட்டக்கூடிய எல்லை 3,500 கிலோ என்பதால், ஏராளமான மோட்டார்ஹோம்கள் அந்த எண்ணுக்குள் அடங்கும்படியே பதிவாகின்றன. கையேட்டிலுள்ள வெற்று எடையில் பின்னர் மாட்டிய சன்ஷேடு, சோலார், இரண்டாவது பேட்டரி எதுவும் சேராது. வண்டியை எடைமேடைக்கு ஓட்டிப் போய், முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் என்று மூன்று அளவுகள் எடுங்கள். டீசல் நிரப்பிய வண்டி 3,080 கிலோ காட்டினால் மிச்சம் 420. இரண்டு பெரியவர்களுக்கு 150, நூறு லிட்டர் தண்ணீருக்கு 100, இரண்டு இரும்பு கேஸ் சிலிண்டர்களுக்கு ஏறக்குறைய 45 கழித்தால் 125 கிலோதான் கையில் நிற்கிறது. அதற்குள் பாத்திரம், படுக்கை, உடை, நாற்காலி, சைக்கிள் எல்லாம் அடங்க வேண்டும். மொத்தம் சரியாக இருந்தும், பின்பக்கச் சாமான் அறையை நிரப்பியதும் பின் அச்சு வரம்பைத் தாண்டுவது நீண்ட வால் கொண்ட வண்டிகளில் சாதாரணம். அளவுக்கு மேல் சுமந்தே ஓடிய வண்டியில் டயர், ஸ்பிரிங், பிரேக் எல்லாமே வயதுக்கு மிஞ்சித் தேய்ந்திருக்கும்.

8. எஞ்சின், டயர், ஓட்டம்

குறைந்த கிலோமீட்டரைக் கண்டு மயங்கியவன் நான். ஆண்டுக்கு இரண்டு வாரம் ஓடி மிச்ச நாள் நின்றே கிடந்த வண்டியில் ரப்பர் காய்ந்திருக்கும், பிரேக் பிடித்துக்கொள்ளும், எலி வயரைக் கடித்திருக்கும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் கிலோமீட்டர், ஆண்டு இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. மோட்டார்ஹோமில் பெரும்பாலும் ஆண்டுதான் முந்தும். மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்று கொண்டு விலை பேசுங்கள்.

டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்ற எழுத்துகளைத் தொடரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பள்ளம் புதிதாகத் தெரிந்தாலும் ஏழாண்டைக் கடந்த டயரில் நான் குடும்பத்தை ஏற்றமாட்டேன். உதிரிச் சக்கரத்தையும், பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் உட்பக்கச் சக்கரத்தையும் குனிந்து பாருங்கள். உள்டயரை மட்டும் பழையதாக விட்டு வைப்பது தெரிந்த தந்திரம்.

ஓட்டிப் பார்ப்பது நாற்பது நிமிடமாவது இருக்க வேண்டும். அதில் ஒரு பகுதி விரைவுச் சாலையில். ஏற்றத்தில் பின்னோக்கி மெதுவாக ஏற்றிப் பாருங்கள்: கிளட்ச் உதறினாலோ வாடை வந்தாலோ பெரிய செலவு. பிழைக் குறியீடு வாசிக்கும் கருவியை மெக்கானிக் மாட்டும்போது, பிழை இல்லை என்பதோடு, குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

9. ஆய்வாளர், பணம், கையெழுத்து

இவ்வளவையும் தாண்டிய வண்டிக்குத்தான் ஆய்வாளரைக் கூப்பிட வேண்டும். வீட்டுப் பகுதிக்கு ஒருவர், எஞ்சினுக்கு ஒருவர் என்று இரண்டு பேர் தேவைப்படும். ஒருவரே இரண்டையும் நன்றாகப் பார்ப்பது அரிது. விற்பவர் பரிந்துரைக்கும் ஆய்வாளரைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டுப் பகுதிக்கு அரை நாள், எஞ்சினுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். எனக்கு இரண்டுக்கும் சேர்த்து வண்டி விலையில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் செலவாயிற்று. சீசன் தொடங்கும் வேளையில் அவர்கள் கிடைக்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். சீசன் முடிந்த பிறகு வாங்கினால் ஆய்வாளரும் உடனே கிடைப்பார், நிறுத்தி வைக்கும் செலவை நினைத்து விற்பவரும் இறங்கி வருவார்.

ஆய்வுக்காக வண்டியைப் பிடித்து வைக்க முன்பணம் கேட்டால் கொடுக்கலாம். ஆனால் “ஆய்வில் நீர்க்கசிவோ எஞ்சின் குறையோ தெரிந்தால் முன்பணம் முழுதும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும்” என்று தேதியோடு எழுதி வாங்காமல் ஒரு காசு தராதீர்கள். வாய்ச்சொல்லை நம்பி முதல் வண்டிக்கு நான் கொடுத்த முன்பணம்தான், சந்தேகம் வந்த பிறகும் என்னைப் பின்வாங்கவிடாமல் கட்டிப்போட்டது.

விலை பேச உட்காரும் முன் முதலாண்டுச் செலவைத் தாளில் எழுதுங்கள்: டயர், பெல்ட், பேட்டரி, கேஸ் குழாய், எச்சரிக்கைக் கருவிகள், கூரை சீலன்ட், காப்பீடு, பெயர் மாற்றம். இவற்றில் பல ஏழெட்டு வயதில் கெடுவுக்கு வரக்கூடும் என்பதால் அந்த வயது வண்டிகளில் அவை ஒரே ஆண்டில் வந்து சேரலாம். என் அனுபவத்தில் வாங்கும் விலையில் 15 சதவீதத்தைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது. கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகவே கொடுத்துவிட்டால், கூரை சீலன்ட் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

மீதிப் பணம் கைமாறும் நாளில் பதிவுச் சான்றிலுள்ள சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதையும் மறுபடி ஒப்பிடுங்கள். விற்பனை ரசீதில் அன்றைய கிலோமீட்டர் அளவும், இதுவரை நீர்க்கசிவு இருந்ததா, எங்கே பழுது பார்க்கப்பட்டது என்பதும் விற்பவரின் கையெழுத்தோடு இருக்கட்டும். எஞ்சின் சாவி, குடியிருப்புக் கதவுச் சாவி, வெளி அறைச் சாவி, தண்ணீர் மூடிச் சாவி என்று நான்கு வகைச் சாவிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரட்டைச் சாவியை எண்ணி வாங்கிக்கொண்டு, எல்லாப் பூட்டுகளிலும் போட்டுத் திருப்பிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.